மூடிக் கிடந்த கலை மையத்தை நவராத்திரியில் திறக்க: இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

பல மாதம் மூடிக் கிடந்த சமூகக் கலை மையத்தைத் திரும்பத் திறக்கப் போகிறீர்கள். திறப்பை நவராத்திரியில் வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. நல்ல முடிவுதான். பாட்டு, நடனம், வாத்தியம் எல்லாம் கற்றுத் தரும் இடத்துக்கு சரஸ்வதி பூஜையையும் விஜயதசமியையும் விடப் பொருத்தமான நாள் கிடைக்காது. ஆனால் அடுத்த வேலையைப் பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் அழைப்பிதழ், அப்புறம் நாதஸ்வரத்துக்கு முன்பணம், கடைசி மூன்று வாரத்தில்தான் கட்டடத்தின் காகிதங்கள். விழா சிக்கலாவது பணம் போதாமல் அல்ல, நாள் போதாமல்தான். குறைந்தது 12 வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்லியிருப்பவை இங்கிலாந்தின் விதிகள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் லைசென்ஸ் சட்டமே வேறு.

1. தேதியும் நேரமும்: சென்னைப் பஞ்சாங்கத்தை மூடி வையுங்கள்

திதி முடியும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில் ஒரு நாள் கொண்டாடுவது இங்கே முந்தின நாளாக விழுவதும் உண்டு. உங்கள் ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அல்லது அருகிலுள்ள கோயிலில் எந்த நாள் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் வைக்கும் நாளில் அதே நேரத்தில் நீங்களும் வைத்தால் கூட்டமும் கிடைக்காது, குருக்களும் கிடைக்க மாட்டார்.

ராகுகாலத்தில் இன்னும் சுலபமாக ஏமாறலாம். சனிக்கிழமை 9 முதல் 10.30 என்பது சூரியன் 6 மணிக்கு எழுந்து 6 மணிக்கு மறைவதாக வைத்துப் போட்ட கணக்கு. அக்டோபர் நடுவில் லண்டனில் சூரிய உதயம் ஏறக்குறைய 7.25, மறைவு 6.05. பகல் நேரத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 80 நிமிடம். சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு, அதாவது காலை 10.05 முதல் 11.25 வரை. காலண்டரைப் பார்த்து "பத்தரைக்கு மேல் விளக்கேற்றலாம்" என்று அச்சடித்தால், நேரே ராகுகாலத்தில்தான் ஏற்றுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டாவது பங்கு, மாலை 4.45 முதல் 6.05 வரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் என்பதையும் தீபாவளி ஒட்டி விழா வைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நேரத்தைக் குருக்களிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு அழைப்பிதழுக்குப் போங்கள்.

2. கட்டடத்தின் காகிதங்கள்: 12 வாரத்துக்கு முன்

மூடியிருந்த கட்டடத்தில் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கும். இவற்றை ஒரே கோப்பில் சேருங்கள்:

- தீ அபாய மதிப்பீடு. 2005-இன் தீப் பாதுகாப்பு ஆணைப்படி கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் கட்டடம் எவ்வளவு சிறியதானாலும் முழுமையாக எழுத்தில் இருக்க வேண்டும். புதுப்பித்தபோது ஒரு சுவரையோ கதவையோ நகர்த்தியிருந்தால் பழைய மதிப்பீடு செல்லாது, ஹாலில் எத்தனை பேர் என்ற எண்ணும் மாறியிருக்கலாம்.
- மின் இணைப்புச் சோதனை அறிக்கை. பொதுவாக 5 ஆண்டுக்கு ஒரு முறை.
- அவசர விளக்குகள். ஆண்டுக்கு ஒரு முறை முழு நேரச் சோதனை, பெரும்பாலும் 3 மணி நேரம். மூடிய கட்டடத்தில் பேட்டரி செத்திருப்பது சகஜம்.
- தீ அலாரம் 6 மாதத்துக்கொரு சர்வீஸ், வாரம் ஒரு மணியடிப்புச் சோதனை, அதைக் குறித்து வைத்த புத்தகம். தீயணைப்பான்களுக்கு ஆண்டு சர்வீஸ்.
- ஆட்கள் ஏறும் லிஃப்ட் இருந்தால் 6 மாதத்துக்கொரு முழுப் பரிசோதனை. சமையலறையில் கேஸ் இருந்தால் ஆண்டுச் சான்று.
- புதுப்பிப்பு வேலை நடந்திருந்தால் கட்டடக் கட்டுப்பாட்டுத் துறையின் நிறைவுச் சான்று. ஒப்பந்தக்காரர் "வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்வது சான்று ஆகாது.

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழாய்களில் தேங்கிய நீரில், 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில், லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அது நீர்த்திவலையோடு மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கும். வயதானவர்களுக்கு உயிராபத்து. அதிக நாள் மூடியிருந்தால் வெறுமனே குழாயைத் திறந்துவிட்டால் போதாது. தொட்டியும் குழாய்களும் சுத்தம் செய்து கிருமிநீக்கம் தேவைப்படலாம், அதை அந்தத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். அதன் பிறகு திறப்பு வரை வாரா வாரம் எல்லாக் குழாயையும் ஓடவிடுங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் ஷவரை யாரும் நினைப்பதில்லை, ஆபத்து அதிகம் அங்கேதான். சுடுநீர் குழாயில் ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரி வர வேண்டும், குளிர்நீர் இரண்டு நிமிடத்தில் 20-க்குக் கீழே இறங்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இப்போதே எழுதுங்கள். ஆளில்லாத கட்டடத்துக்கு அவர்கள் பாதுகாப்பைக் குறைத்திருப்பார்கள். "இன்ன தேதி முதல் பொதுமக்கள் வருவார்கள்" என்று நீங்கள் சொல்லி அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை பழைய பாலிசியை நம்ப முடியாது.

3. தீபம், கற்பூரம், சாம்பிராணி: இதில்தான் சண்டை வரும்

குத்துவிளக்கு ஏற்றாமல் திறப்பு விழா நடக்காது. ஹால் மேனேஜருக்கோ 'தீ' என்ற சொல் கேட்டாலே மறுப்புதான் வாய்க்கு வரும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. "சின்ன விளக்குதான்" என்று வாய்ப்பேச்சில் சமாளிக்காமல், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதில் இவை இருக்கட்டும்:

எத்தனை திரி, என்ன எண்ணெய், எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. விளக்கின் அடியில் விளிம்புள்ள உலோகத் தட்டு, அதில் மணல். திரைச்சீலை, பூந்தோரணம், காகித அலங்காரம் எதுவும் 2 மீட்டருக்குள் வேண்டாம். மேடைத் திரைகளுக்குத் தீத்தடுப்புச் சான்று உண்டா என்று பாருங்கள். துவைத்தால் சில துணிகளில் அந்தப் பூச்சு போய்விடும். விளக்கருகே பெயர் குறித்த ஒரு ஆள், கையில் தீப்போர்வை, அவருக்கு வேறு வேலை கிடையாது. சிறப்பு விருந்தினர் குனிந்து ஏற்றும்போது சேலைத் தலைப்பும் அங்கவஸ்திரமும் முன்னால் சரியும், ஆபத்து வருவது அந்த நொடியில்தான். நீளமான கைவிளக்கால் ஏற்றச் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.

எண்ணெய்த் தீபம் பொதுவாக அலாரத்தைக் கிளப்பாது. கற்பூரமும் சாம்பிராணியும் எளிதில் கிளப்பும், ஏனென்றால் கட்டடத்தில் பெரும்பாலும் இருப்பது புகை உணரும் கருவி. அதன் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டுவதும் டேப் ஒட்டுவதும் கூடவே கூடாது. கழற்ற மறந்துவிட்டால் அன்றிரவு நடன வகுப்பு நடக்கும்போது கட்டடத்துக்கு அலாரமே இல்லை, இன்சூரன்ஸும் கை விரிக்கும். சரியான வழி, அலாரத்தைப் பராமரிப்பவர் மேடைப் பகுதியை மட்டும் குறித்த நேரத்துக்கு நிறுத்துவது. அந்த நேரம் முழுக்க ஒருவர் கண்காணித்துச் சுற்றி வர வேண்டும், முடிந்ததும் இணைத்ததைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அலாரம் வெளிக் கண்காணிப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் ஒப்புக்கொள்ளாத ஹால் என்றால் நடுவழி இருக்கிறது. தீபாராதனையை நெய்த் திரியில் செய்யலாம், குருக்கள் மறுக்க மாட்டார். கற்பூரமும் தேங்காய் உடைப்பும் வாசலுக்கு வெளியே. ஹோமம் எந்த ஹாலுக்குள்ளும் வேண்டாம். வெளியே திறந்தவெளியில், சுவரிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மின்விளக்குத் தீபத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. கொலுப்படியில் துணி, பொம்மை, காகிதம் நடுவே அதுதான் புத்திசாலித்தனம்.

4. லைசென்ஸ்: தேவையா என்று முதலில் பாருங்கள்

பல சங்கங்கள் தேவையில்லாமல் விண்ணப்பிக்கின்றன, சில தேவைப்படும்போது விட்டுவிடுகின்றன. சுருக்கமாக:

காலை 8 முதல் இரவு 11 வரை, பார்வையாளர் 500 பேர் வரை என்றால் நடனத்துக்கும் நாடகத்துக்கும் பொழுதுபோக்கு லைசென்ஸ் வேண்டாம். மைக் இல்லாத கச்சேரிக்குக் கூட்ட வரம்பே கிடையாது. மைக் வைத்த கச்சேரியும் பதிவு செய்த இசையும், சமூகக் கூடமாக இருந்து, பொறுப்பாளர் சம்மதித்தால், 500 பேர் வரை லைசென்ஸ் இல்லாமல் நடக்கலாம்.

மது விற்றாலோ, இரவு 11 மணிக்கு மேல் கச்சேரி நீண்டாலோ, இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவு விற்றாலோ, கட்டடத்துக்கு லைசென்ஸ் இல்லாத பட்சத்தில் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. 10 முழு வேலை நாளுக்கு முன் கவுன்சிலுக்குக் கிடைத்திருக்க வேண்டும். பெறப்படும் நாளும் விழா நாளும் கணக்கில் சேராது. விழா சனிக்கிழமை என்றால் 15 நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் கடைசி, இடையில் வங்கி விடுமுறை வந்தால் இன்னும் முன்னால். 5 முதல் 9 வேலை நாள் இருக்கும்போது கொடுப்பது தாமத அறிவிப்பு. போலீசோ சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையோ அதற்கு ஆட்சேபித்தால் விசாரணை கிடையாது, அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

ஒரு பொறி: 500 என்ற வரம்பு பார்வையாளரை மட்டும் எண்ணுவது. தற்காலிக அறிவிப்பின் 499 என்ற வரம்பு ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் எல்லோரையும் எண்ணுவது. மேடையில் கோலாட்டம் ஆடும் 60 பேரும், சமையலறையில் இருக்கும் 20 பேரும் அதில் அடக்கம். இரண்டுக்கும் மேலே தீ மதிப்பீடு சொல்லும் எண் இருக்கிறது. எது சிறியதோ அதுதான் உங்கள் எண்.

பாட்டுகளுக்கு பிபிஎல் பிஆர்எஸ் என்ற நிறுவனம் தரும் இசை லைசென்ஸ் வேண்டும். மையத்திடம் ஏற்கெனவே இருக்கலாம், மூடியிருந்த காலத்தில் நிறுத்தியும் வைத்திருக்கலாம். கேட்டு உறுதி செய்யுங்கள்.

சுவாமி ஊர்வலம் தெருவில் இறங்குமானால் அது தனி உலகம். சாலையை மூட கவுன்சில்கள் பல வாரம் முன்பே விண்ணப்பம் கேட்கும். முதல் ஆண்டில் கார் நிறுத்துமிடத்துக்குள் சுற்றி வருவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

5. மேடையேறும் குழந்தைகள்

கமிட்டிகள் கேள்வியே படாத பகுதி இது. டிக்கெட் விற்கும் நிகழ்ச்சியிலோ, ஒளிபரப்பப் பதிவு செய்யும் நிகழ்ச்சியிலோ பள்ளி வயதுக் குழந்தை ஆடினால், 1963-இன் சட்டப்படி நிகழ்ச்சி லைசென்ஸ் வேண்டியிருக்கும். குழந்தை வசிக்கும் இடத்துக் கவுன்சில் தரும். 21 நாளுக்குக் குறைவாக விண்ணப்பித்தால் மறுக்கலாம். நாற்பது குழந்தை நான்கு கவுன்சிலிலிருந்து வந்தால் நான்கு அலுவலகத்தோடு பேச வேண்டும்.

விலக்கு உண்டு. குழந்தைக்குப் பணம் தரவில்லை, பள்ளிக்கு விடுப்பு எடுக்கவில்லை, முந்தைய 6 மாதத்தில் 3 நாளுக்கு மேல் இப்படி ஆடவில்லை என்றால் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் நன்றாக ஆடும் பிள்ளைகள்தான் எல்லா விழாவிலும் ஆடுவார்கள், மூன்று நாள் சீக்கிரம் தாண்டிவிடும். ஒவ்வொரு பெற்றோரிடமும் தேதிகளை எழுதி வாங்குங்கள்.

இதைவிடச் சுலபம், குழுவுக்கு மொத்தமாகத் தரும் அனுமதி. போபா என்று கவுன்சிலில் சொன்னால் புரியும். நிகழ்ச்சி நடக்கும் இடத்துக் கவுன்சிலிடம் கேட்கலாம். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை, உதவியாளர்களின் விவரம் எல்லாம் பார்ப்பார்கள். பரதநாட்டியப் பள்ளி தன்னைப் 'பள்ளி' என்று சொல்லிக்கொள்வதால் பள்ளிக்கூடங்களுக்கான விலக்கு கிடைக்காது. பெற்றோரல்லாத பொறுப்பாளர்களுக்குக் கவுன்சில் உரிமம் கேட்பார்கள், ஒருவர் அதிகபட்சம் 12 குழந்தைகளைப் பார்க்கலாம். உரிமத்துக்கான பின்னணிச் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் 10 வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

6. இந்தியாவிலிருந்து கலைஞர் வந்தால்

தொழில்முறைக் கலைஞர் அழைப்பின் பேரில் சாதாரண வருகை விசாவில் வந்து சன்மானம் பெற்று நிகழ்ச்சி தரலாம். ஆனால் விசா கேட்பதற்கு முன்பே நிகழ்ச்சி முடிவாகியிருக்க வேண்டும், வந்து இறங்கிய 30 நாளுக்குள் நடக்க வேண்டும். மையத்தின் அழைப்புக் கடிதத்தில் தேதி, இடம், சன்மானம், கலைஞரின் துறை தெளிவாக இருக்கட்டும். பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். விசா கைக்கு வராமல் அழைப்பிதழில் பெயரைப் போடாதீர்கள்.

7. பிரசாதமும் அன்னதானமும்

எப்போதாவது நடக்கும் சமூக விழாவுக்கு உணவுத் தொழில் பதிவு பொதுவாகத் தேவைப்படாது. மையத்தில் அடிக்கடி உணவு தரப் போகிறீர்கள் என்றால் 28 நாள் முன்பு கவுன்சிலில் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. பதிவு வேண்டாம் என்பதால் உணவுப் பாதுகாப்பும் வேண்டாம் என்று ஆகாது.

நம் பிரசாதத்தில் சோறுதான் கவனிக்க வேண்டியது. வெந்த அரிசியில் பிழைத்திருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து, அறை வெப்பத்தில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதிகாலையில் பத்து வீட்டில் கிளறிய சாதத்தை மூடி போட்ட அண்டாவில் வைத்து மதியம் 2 மணிக்குப் பரிமாறுவதுதான் மிக மோசமான முறை. சூடாகத் தருவதை 63 டிகிரிக்கு மேல் வையுங்கள், அதற்குக் கீழே வந்தால் ஒரே தடவை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆற வைத்துத் தரும் தயிர்சாதம் 8 டிகிரிக்குக் கீழ், வெளியே எடுத்தால் 4 மணி நேரம். ஒரு வெப்பமானி வாங்குங்கள், நாலு தடவை அளந்து எழுதி வையுங்கள்.

ஒவ்வாமைப் பட்டியலில் 14 பொருள். நம் சமையலில் மறைந்திருப்பவை: தாளிப்பில் கடுகு, எள்ளோரையில் எள், கேசரியில் கோதுமை, நெய்யில் பால், சர்க்கரைப் பொங்கலில் முந்திரி, புளியோதரையில் வேர்க்கடலை. பெருங்காயத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சமைத்தவர் வீட்டு டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மையத்திலேயே பொட்டலம் கட்டி வைத்து விற்றால் 2021 அக்டோபர் முதல் முழுப் பொருள் பட்டியலோடு லேபிள் ஒட்ட வேண்டும். தட்டில் பரிமாறினால் மேசையில் எழுதி வைத்தால் போதும். பெரும்பாலானவர்கள் இதனாலேயே தட்டில் பரிமாறுகிறார்கள்.

8. தரை, செருப்பு, சத்தம்

கலை மையத்தின் விலை உயர்ந்த பொருள் நடனத் தரை. அதன் மேல் கோல மாவு விழுந்தால் வழுக்கும், மஞ்சள் குங்குமம் பட்டால் கறை போகாது, எண்ணெய் சிந்தினால் மரத்துக்குள் இறங்கும். கோலத்தைக் கறுப்பு நிறப் பலகைகளில் போட்டு வாசலில் வையுங்கள். கலசத்துக்கும் விளக்குக்கும் அடியில் ரப்பர் விரிப்பு, மைக் ஒயரிலிருந்து கலசத் தண்ணீர் தள்ளி. வாழை மரத்தைத் தூணில் கட்டும்போது வெளியேறும் வழிப் பலகை மறையாமல் பாருங்கள்.

செருப்பு. 300 பேர் என்றால் 600 செருப்பு, எல்லாம் ஒரே கதவடியில் குவியும், அந்தக் கதவு அவசர வழியாகவும் இருக்கும். ஹால் மேனேஜர் விழாவை நிறுத்தச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. தனி அறையில் ரேக், அல்லது ஆளுக்கொரு பை கொடுத்து இருக்கைக்கடியில் வைக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் துணி விரித்த தனிப் பாதை போடுங்கள்.

பல ஹால்களில் சத்தக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அளவு தாண்டினால் மேடையின் மின்சாரத்தையே துண்டித்துவிடும். மைக்கே வைக்காத தவில் அடித்தாலும் அது துண்டிக்கும், கீபோர்டும் ஒலிபெருக்கியும் அணையும். தவில்காரரை வைத்தே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். மங்கள இசையை வாசலில் வாசிக்க வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, வரவேற்புக்கும் அழகு.

9. பணம்

நேஷனல் லாட்டரியின் 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' போன்ற மானியங்களில் பட்டறை, கண்காட்சி, நடன நிகழ்ச்சி இவற்றுக்குக் கேளுங்கள். பூஜைச் செலவுக்குக் கிடைக்காது. குருக்கள் தட்சிணை, பூ, பிரசாதம் இவற்றை நன்கொடையாளரிடமிருந்து தனிக் கணக்கில் எடுங்கள். ஒரே பட்டியலில் கலந்து அனுப்பிய விண்ணப்பம் முழுதாகத் திரும்பி வரும் வாய்ப்பு உண்டு.

பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால், வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கிஃப்ட் எய்டில் 25 பென்ஸ் மேலே கிடைக்கும். டிக்கெட் பணத்துக்குக் கிடையாது. உண்டியலில் விழும் 30 பவுண்டுக்கு உட்பட்ட சிறு நன்கொடைகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும்.

பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் 50 லட்சம் பவுண்டுக்குப் பல ஹால்கள் கேட்கின்றன. எடுக்கும்போது நேரடித் தீ உண்டு என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த பாலிசி காகிதத்துக்குச் சமம்.

10. கடைசி வாரமும் மறுநாளும்

முந்தின நாள் மாலை எல்லா அவசரக் கதவையும் உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள். மூடிக் கிடந்த கட்டடத்தில் ஒன்றாவது இறுகியிருக்கும். வாலண்டியர்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியேறும் அறிவிப்பை ஒரு முறை சொல்லிப் பழக்குங்கள். உள்ளே வருபவர்களை எண்ண வாசலில் ஒருவர், கையில் எண்ணும் கருவி.

அன்றிரவு அலாரத்தை இணைத்தாயிற்றா என்று பார்த்தவர் கையெழுத்திடாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். எண்ணெய்த் திரியும் துணியும் மூடிய உலோக வாளியில், குப்பைத் தொட்டியில் அல்ல. வாழை இலையும் பூவும் உணவுக் கழிவில் போகுமா என்று கவுன்சிலிடம் கேளுங்கள், நார் கட்டிய மாலையைப் பிரித்துப் போட வேண்டும். கொலு பத்து நாளும் இருக்குமென்றால், படியின் மரத்துக்கும் துணிக்கும் பின்னால் மின்செருகி மறைந்திருக்கிறதா என்று பார்த்து, இரவில் அலங்கார விளக்கை அணைக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி ஒட்டுங்கள்.